பதிலின் உருவம்

உருவமா உள்ளடக்கமா என்று வருஷக்கணக்கில் சளைக்காமல் சண்டை போட்ட சூழல் நம்முடையது. கவிதையின் உருவம், சிறுகதையின் உருவம், நாவலுக்கு இன்னும் கைகூடாத உருவம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் எழுதும் பதில் என்பதும் ஒரு இலக்கிய உருவம்தான், அதற்கும் யாப்பு உண்டு, யாப்பு தளர்ந்தால் உள்ளே இருக்கும் சிந்தனையும் தளர்ந்துபோகும் என்பது மட்டும் நம் விமர்சகர்களின் கவனத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் இணையக் குழுக்களில் நடக்கும் இலக்கிய விவாதங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே அது மனிதர்களின் தரத்தைப் பற்றிய புலம்பலில் போய் முடிகிறது. படிக்காதவர்கள் நுழைந்துவிட்டார்கள், பொறுமை போய்விட்டது, மரியாதை போய்விட்டது. இது விமர்சனம் அல்ல, ஆயாசம். தளை தட்டும் வெண்பாவைப் பார்த்துவிட்டு எழுதியவனின் குலம் கோத்திரம் விசாரிப்பது போன்ற காரியம்.

விசாரிக்க வேண்டியது பெட்டியை. ஃபேஸ்புக்கில் ஒரு பதிவுக்குக் கீழே பதில் எழுதும் அந்தச் சிறிய பெட்டியை ஒரு உருவமாக எடுத்துக்கொண்டு பாருங்கள். ஒருவருடைய கருத்துக்கு மறுமொழி சொல்ல விரலை வைத்தால் பெட்டிக்குள் தானாக வந்து உட்காருவது அவருடைய பெயர். அவருடைய வாக்கியம் அல்ல. எழுத ஆரம்பிக்கும் முன்பே நாம் ஒரு ஆளை நோக்கித் திருப்பப்பட்டு விடுகிறோம். எழுதியது சற்று நீண்டால் மீதி ஒரு ‘மேலும் பார்க்க’வுக்குப் பின்னால் மறைந்துகொள்கிறது. ஆக, முதல் இரண்டு வரிகளில் அடித்தாக வேண்டும். பதில்கள் வந்த வரிசையிலும் நிற்பதில்லை. ‘பொருத்தமானவை’ என்று இயந்திரம் தீர்மானித்தவை மேலே ஏறிக்கொள்கின்றன. எது எதற்குப் பதில் என்ற கால ஒழுங்கு கலைந்துவிட்ட இடத்தில் தர்க்கம் எப்படி நிற்கும்? இவ்வளவுக்கும் பிறகு, மூல ஆசிரியர் தன் பதிவை அழித்துவிட்டால் கீழே உள்ள அத்தனை பேச்சும் அதோடு போகிறது. வேறிடத்தில் எழுதப்பட்ட எதிர்வினைகள் எதற்கு எதிர்வினை என்று தெரியாமல் அந்தரத்தில் தொங்குகின்றன. இந்த உருவத்துக்குள் நிதானமான ஒரு மனிதர் போய் உட்கார்ந்தாலும் வசைதான் வரும். வராவிட்டால் அது அவருடைய சாமர்த்தியம், உருவத்தின் தயவு அல்ல.

இதற்கு முன்னால் வேறு ஒரு உருவம் இருந்தது. டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 1979இல் யோசித்து, 1980இல் நடைமுறைக்கு வந்த யூஸ்நெட் என்ற செய்திக் குழுக்களின் வலைப்பின்னலிலும், பிறகு மின்னஞ்சல் குழுக்களிலும் பழகிப்போன உருவம். பதில் எழுத முற்பட்டால் எதிராளியின் கடிதம் முழுவதும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு அம்புக்குறியோடு உங்கள் முன் விரிந்து நிற்கும். தேவையில்லாததை வெட்டிவிட வேண்டும். எந்த வரிக்குப் பதில் சொல்கிறோமோ அதை நிறுத்தி, அதற்குக் கீழே நம் வார்த்தை. பிறகு அடுத்த வரி. அதன் கீழே மறுபடி நம் வார்த்தை. பதிலுக்குப் பதில் வந்தால் இரண்டு அம்புக்குறி, அதற்கும் பதில் என்றால் மூன்று. யார் எதைச் சொன்னார் என்பதை அந்த அம்புகளை எண்ணியே சொல்லிவிடலாம். 2000க்குப் பிந்தைய முதல் சில வருஷங்களில் ‘மரத்தடி’, ‘ராயர் காபி கிளப்’ போன்ற தமிழ் யாஹூ குழுக்களும் மின்னஞ்சலில்தான் பேசிக்கொண்டன. அவற்றில் எழுதப்பட்டது எல்லாமே உயர்ந்த விவாதம் என்று நான் சொல்ல வரவில்லை. அரட்டையும் அசட்டுத்தனமும் எந்தக் காலத்துக்கும் பொது. ஆனால் அசட்டுத்தனமாகப் பதில் எழுதுகிறவன்கூட, எதிராளியின் வரியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அந்த அசட்டுத்தனத்தைச் செய்ய வேண்டியிருந்தது. சொல்லாததைச் சொன்னதாக எழுதினால் இரண்டு அங்குலம் மேலேயே சாட்சி நிற்கும்.

நமக்கு இது புதியதும் அல்ல. மூலத்தை நிறுத்தி அதன் கீழே உரை எழுதியே வளர்ந்த மரபு நம்முடையது. அதைவிட முக்கியம், எதிர்க்கட்சியைத் தன் நூலுக்குள்ளேயே உட்காரவைத்துப் பேசுகிற பரபக்க மரபு. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் தம் கொள்கையைச் சொல்லப் போகும் முன், உலகாயதன் தொடங்கி ஒவ்வொரு பரமதத்தின் வாதத்தையும் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுப்புக்கு வருகிறார். நீலகேசியில் அந்தப் பெண் எதிராளிகளின் இருப்பிடத்துக்கே போகிறாள். குண்டலகேசி வாதம், மொக்கல வாதம், ஆசீவக வாதம் என்று சருக்கங்களே எதிராளிகளின் பெயர்களில் நடக்கின்றன. விளைவைப் பாருங்கள். பௌத்தக் காப்பியமான குண்டலகேசி நமக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. அதன் கதாநாயகி என்ன வாதாடியிருப்பாள் என்று ஊகிக்க நமக்கு இன்றைக்கு இருக்கும் ஆதாரங்களில் பெரியது, அதை மறுக்கவென்றே எழுதப்பட்ட சமண நூலான நீலகேசியும் அதன் உரையும். எதிரியைத் தோற்கடிக்க எழுதிய புத்தகத்துக்குள் எதிரி பிழைத்திருக்கிறாள். ஒரு பதிலின் யோக்யதையை அளக்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தோன்றவில்லை. மூலம் தொலைந்து பதில் மட்டும் மிஞ்சினால், மூலத்தில் இருந்ததை அதிலிருந்து மீட்டெடுக்க முடியுமா? இன்று காலை உங்கள் கைபேசியில் நீங்கள் படித்த எந்த எதிர்வினையையாவது இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள்.

உடனே ஒரு ஆட்சேபம் எழும். பழைய காலத்துச் சர்ச்சைகள் ஒன்றும் சாத்விகமானவை அல்லவே? வாஸ்தவம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அருட்பா மருட்பா சண்டையில் வெளிவந்த கண்டனப் பிரசுரங்களின் தலைப்புக்களே போதும், இன்றைய வசைகள் வெறும் பால்குடி என்று தெரிந்துகொள்ள. சிவஞான முனிவர் இலக்கண விளக்கத்தை மறுத்து எழுதிய நூலுக்கு வைத்த பெயர் ‘சூறாவளி’. கடுமை ஒரு குற்றமே அல்ல. நயத்தக்க நாகரிகத்தை நான் கேட்கவில்லை. அது பெரும்பாலும் விமர்சனத்துக்கு விஷம். நம் சிறுபத்திரிகைகளிலும் கடுமைக்குக் குறைவிருந்ததில்லை. 1968இல் வந்த கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ நூலுக்கு வெங்கட் சாமிநாதன் எழுதிய எதிர்ப்பும், அதற்கு நுஃமான் ‘மல்லிகை’யில் எழுதிய பதிலும் தயவு தாட்சண்யம் பார்த்தவை அல்ல. ஆனால் மூன்றையும் தேடிப் படிக்கிறவனுக்கு, கடல் கடந்து நடந்த அந்தச் சண்டை எதைப் பற்றியது என்பதில் சந்தேகம் வராது. ஒரு புத்தகம் நடுவில் இருந்தது.

மேற்கோள் மட்டும் போதுமா என்றால், போதாது. இன்றைக்கு மேற்கோள் இல்லாமல் இல்லை. திரையைப் படம்பிடித்து, எதிராளியின் நான்கு வரியைச் சிவப்பு வட்டமிட்டு, தன் ஆட்களுக்குக் காட்டுவது அன்றாடம் நடக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை துல்லியமான மேற்கோள். ஆனால் அது எதிராளிக்கு எழுதப்பட்ட பதில் அல்ல. அவனைப் பற்றித் தன் கூட்டத்துக்குக் கொடுக்கப்பட்ட தகவல். நீலகேசி வாதுக்குப் போனாள். இவர்கள் வேட்டைத் தலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். ட்விட்டரில் 2015இல் வந்த மேற்கோள்-கீச்சு இந்தப் பழக்கத்துக்கு ஒரு பொத்தானே செய்து கொடுத்தது. மாஸ்டடான் என்ற மாற்றுத் தளத்தை உருவாக்கியவர்கள் இதை உத்தேசித்தே பல வருஷம் அந்த வசதியைத் தராமல் இருந்தார்கள். 2025இல் தந்தபோது, தன்னை யார் மேற்கோள் காட்டலாம் என்பதை எழுதியவரே தீர்மானிக்கும்படி தந்தார்கள். முழுத் தீர்வு என்று நம்பவில்லை. விமர்சனத்துக்கு உள்ளாகிறவனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு விமர்சிக்க முடியுமா என்ன? ஆனாலும், ஒரு பொத்தானின் இருப்பும் இல்லாமையும் பேச்சின் குணத்தையே மாற்றும் என்று புரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

பொத்தான்களில் நம்மைக் கெடுத்தது ‘லைக்’. அது ஃபேஸ்புக்குக்கு வந்தது 2009 பிப்ரவரியில். க.நா.சு. பட்டியல் போட்டார் என்று நாம் அவரை இன்னமும் கேலி செய்கிறோம். பட்டியலுக்குப் பின்னால் அவருடைய ஒரு ஆயுள் படிப்பு இருந்தது என்பதாவது அதற்குச் சமாதானம். செல்லப்பாவுக்கு அது போதவில்லை. பிடிக்கிறது, சரி, ஏன் பிடிக்கிறது, எந்த வரியில், எப்படி என்று அலச வேண்டும் என்றார். 1959 ஜனவரியில் தொடங்கி 119 இதழ்கள் ‘எழுத்து’வை நடத்தினார். அலசலில் அவர் சலிப்பூட்டிய இடங்கள் உண்டு என்பது வேறு விஷயம். லைக் என்பது க.நா.சு.வின் படிப்பைக் கழித்துவிட்ட பட்டியல், செல்லப்பாவின் ‘ஏன்’ என்ற கேள்வியைக் கழித்துவிட்ட ரஸனை. எண்ணிக்கை மட்டும் மிச்சம்.

இதற்கு மாற்று யோசிக்கப்படாமலும் இல்லை. 1997இல் ராப் மால்டா என்ற மாணவர் ஆரம்பித்த ஸ்லாஷ்டாட் என்ற தளத்தில், பதில்களுக்கு மதிப்பெண் போடுகிறவர் கூடவே ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். நுட்பமானது, தகவல் உள்ளது, வேடிக்கையானது, விஷயத்துக்குப் புறம்பானது, வம்புக்கு இழுப்பது என்று சில முத்திரைகள். மதிப்பெண் போடும் அதிகாரம் வாசகர்களுக்கே முறைவைத்து வரும். கையில் கொடுப்பது ஐந்து புள்ளிதான். சில நாளில் செலவழிக்காவிட்டால் காலாவதி. மிக நுட்பமான விதி இது: எந்த விவாதத்தில் நீங்கள் பேசுகிறீர்களோ அந்த விவாதத்தில் நீங்கள் மதிப்பெண் போட முடியாது. பேசினால், போட்ட புள்ளிகள் ரத்து. (வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இது ஆச்சரியமாகவே படாது. ஒரு கணக்கில் பதிவு போட்டவர் அதைத் தானே பாஸ் பண்ண முடியாது. கவுண்டரில் இருப்பவர் போட்டதை உள்ளே இருப்பவர் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்குக் காட்டும் ஜாக்கிரதையை நாம் ஒரு மனிதரின் கருத்துக்குக் காட்டுவதில்லை.) முத்திரைகள் முரடானவைதான். ஐந்தாறு வார்த்தைகளில் விமர்சனம் அடங்காது. ஆனால் ‘பிடிக்கவில்லை’ என்ற முத்திரை அந்த ஐந்தாறில் இல்லை.

இன்னும் துணிச்சலான சோதனை 2013இல் நடந்தது. ரெட்டிட் தளத்தில் கால் டர்ன்புல் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் ‘என் கருத்தை மாற்றுங்கள்’ என்ற பெயரில் ஒரு குழு ஆரம்பித்தார். தன் கருத்தை முன்வைக்கிறவர் அதற்கான காரணங்களையும் விரிவாக எழுத வேண்டும். எழுதிப் போட்டுவிட்டு ஓடிவிடக் கூடாது, மூன்று மணி நேரத்துக்குள் பேச வந்தாக வேண்டும். ஒரு பதில் தன் எண்ணத்தைக் கொஞ்சமாவது மாற்றியிருந்தால், அதை எழுதியவருக்கு டெல்டா என்ற கிரேக்க எழுத்தைக் கொடுக்க வேண்டும். வெறும் எழுத்தைக் கொடுத்தால் செல்லாது. எது, எப்படி மாற்றியது என்று எழுத வேண்டும். தோற்றவன் தன் தோல்வியை விவரித்துப் பரிசளிக்கிறான்! வாதில் தோற்றவர் வென்றவரின் சமயத்தைத் தழுவிய நம் காவியங்களின் வாடை இதில் வருகிறது. இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் மெய்சிலிர்த்து நின்றுவிடுகிறார்கள்.

நான் நிற்க முடியாத காரணம், 2025 ஏப்ரலில் வெளியான விஷயம். ஜூரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் மாதக்கணக்கில் அந்தக் குழுவுக்குள் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களைக் கள்ளத்தனமாக இறக்கி 1,700க்கு மேற்பட்ட பதில்களை எழுதவைத்திருந்தார்கள். இயந்திரங்கள் மனித வேஷம் கட்டிக்கொண்டு பேசின. பாலியல் வன்முறைக்கு ஆளானவர், மனநல ஆலோசகர் என்றெல்லாம் சொல்லிக்கொண்டன. டெல்டாக்களையும் வாங்கின. குழுவை நடத்துகிறவர்கள் கொதித்துப்போனது நியாயம். ஆராய்ச்சி முடிவுகள் பிரசுரமாகாமல் நின்றன. அற ஒழுக்கம் பற்றிய கேள்வி இருக்கட்டும், அது தெளிவாகவே இருக்கிறது. உருவம் பற்றிய கேள்விதான் எனக்கு முக்கியம். இவ்வளவு கவனமாகச் செதுக்கிய உருவம் ஏன் ஏமாந்தது? அது அளந்தது விளைவை. எதிரில் இருப்பவனின் மனம் அசைந்ததா என்பது ஒன்றே அங்கே கேள்வி. மனத்தை அசைக்க வாக்கியம் உண்மையாக இருக்கத் தேவையில்லை, அனுபவம் சொந்தமாக இருக்கத் தேவையில்லை. வியாபாரப் பத்திரிகைத் தொடர்கதை லட்சம் பேரை அழவைத்தபோது அழுகையை அத்தாட்சியாக ஏற்க மறுத்தவர்கள் நாம். டெல்டாவை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்? அங்கே இரண்டு பேருக்கு நடுவில் மூன்றாவது பொருள் ஒன்று இல்லை. ஒருவர் மனமும், அதைத் திறக்கும் சாவியும்தான் இருந்தன. சாவி போலியாகச் செய்யக்கூடியது.

மூன்றாவது பொருள் உள்ள இடம் ஒன்று தமிழிலேயே இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் பொதுவிவாதப் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக ஒரு உரையாடல் பக்கமும் உண்டு. அங்கே போய் ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துக்களை வைத்துக்கொள்வதா தள்ளுவதா என்று நடந்த விவாதங்களைப் படித்துப் பாருங்கள். (நான் எந்தக் கட்சி என்பதை இந்தக் கட்டுரையின் எழுத்துக்களே காட்டிக்கொடுக்கும்.) கோபம் இருக்கிறது, பிடிவாதம் இருக்கிறது, பண்டிதத்தனம் தாராளமாகவே இருக்கிறது. ஆனால் பேச்சு எங்கே போனாலும், ஒரு கட்டுரையின் தலைப்பு எப்படி இருக்க வேண்டும், ஒரு வாக்கியம் எப்படி மாற வேண்டும் என்ற இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கட்டுரை பக்கத்திலேயே காத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் யார், எப்போது செய்தது என்று வரலாற்றில் பதிந்திருக்கிறது. ஒருவர் தான் சொன்னதை எடுத்துவிட்டாலும் எடுத்தது தெரியும். இலக்கிய விமர்சனத்தில் இப்படி ஒரு சமரச வாக்கியத்துக்கு வர முடியாது, வரவும் கூடாது. தகவல் களஞ்சியம் வேறு, மதிப்பீடு வேறு. இருந்தாலும், நடுவில் ஒரு பிரதி ஸ்தூலமாகக் கிடக்கிறது, எல்லோரும் அதைத் தொட்டுப் பேச வேண்டியிருக்கிறது என்ற அம்சம் நமக்கு உரியது. அது உண்மையில் நம்மிடமிருந்து போனது.

இந்த மாதிரி ஒன்றை நம் சிறிய குழுக்களில் செய்து பார்க்கலாம். எங்கள் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்து வருகிறோம். விதி மிகச் சாதாரணமானது. மறுக்க வருகிறவர், தான் மறுக்கும் வாக்கியத்தை முதலில் முழுதாக எழுத வேண்டும். கதையைப் பற்றியானால் கதையின் வாக்கியம், நண்பர் கூற்றைப் பற்றியானால் நண்பரின் வாக்கியம். (வாட்ஸ்அப்பில் இழுத்துப் பதில் சொன்னால் பழைய செய்தி மேலே ஒட்டிக்கொள்ளும். ஆனால் நீளமானதாக இருந்தால் அதன் ஆரம்பம் மட்டுமே தெரியும். ஆகவே கையால்தான் எழுத வேண்டும். கையால் எழுதும்போது பாதிக் கோபம் எழுத்துக்கூட்டுவதில் செலவாகிவிடுகிறது.) எழுதியதை அன்றே போடாமல் மறுநாள் போட வேண்டும் என்பது இரண்டாவது விதி. மாதம் ஒருமுறை வந்த பத்திரிகையில் எதிர்வினைக்கு ஒரு மாதம் கிடைத்தது. கோபம் ஆறியதா என்பது இருக்கட்டும், மூலத்தை இரண்டாவது தடவை படிக்கச் சந்தர்ப்பம் இருந்தது. நமக்கு ஒரு நாளாவது வேண்டாமா? குழுவில் பாதிப் பேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். காலை வணக்கங்களும் நின்றுபோயின, அதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

வருத்தப்பட வேண்டியது வேறு. யாப்பு என்பது எப்போதுமே வாசல்காப்பும்கூட. வீட்டில் முதல்முறையாகப் புத்தகம் படிக்க ஆரம்பித்தவர்கள், எழுதுவதைவிடக் குரலில் பேசுவது சுலபமாக இருப்பவர்கள், சமையலறையிலிருந்து இரண்டு நிமிஷம் எட்டிப் பார்க்கிறவர்கள் இவர்களை எல்லாம் இந்த விதி வெளியே தள்ளிவிடும், கடைசியில் பழைய பண்டித சபைதான் மிஞ்சும் என்று குழுவிலேயே ஒரு தோழி சொன்னார். இந்த ஆட்சேபத்தை லேசாக ஒதுக்க முடியாது. புதுக்கவிதையை எதிர்த்தவர்கள் யாப்பின் பெயரால்தான் வாசலை அடைத்தார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆளை முன்னிறுத்தும் உருவத்தில் லாபம் அடைகிறவர் ஏற்கனவே பெயர் உள்ளவர். அவர் என்ன சொன்னாலும் பெயருக்கே நூறு கைதட்டல் விழும். ஒரு வாக்கியத்தை எடுத்து வைக்கப் பெயர் வேண்டாம், பட்டம் வேண்டாம், பிரெஞ்சுக்காரர்களின் நாமாவளி வேண்டாம். கண்ணால் பார்த்து அப்படியே எடுத்தெழுதத் தெரிந்தால் போதும். குரலில்தான் வரும் என்றால் குரலிலேயே வாக்கியத்தை வாசித்துவிட்டுப் பேசட்டும் என்று விதியைத் தளர்த்தினோம்.

அதற்குப் பிறகு, அதுவரை குழுவில் வாயே திறக்காத ஒருவர், கூட்டுறவுச் சங்கமொன்றில் எடை போடுகிறவர், மௌனியின் கதை ஒன்றிலிருந்து ஒரு நீண்ட வாக்கியத்தை நிதானமாக வாசித்து அனுப்பினார். கூட ஒரு கேள்வி: “இந்த வாக்கியத்துல ‘அவன்’ யாருங்க?” கதையைப் பல தடவை படித்தவர்கள் இருக்கும் குழு. மூன்று நாள் பதில்கள் வந்தன. ஒவ்வொரு பதிலும் அந்த வாக்கியத்தை மறுபடி எழுதித்தான் ஆரம்பித்தது. இரண்டு பேருக்கு அது கதாநாயகன், ஒருவருக்கு அவனுடைய நிழல், ஒருவருக்கு அச்சுப்பிழை. அச்சுப்பிழை என்றவர் இப்போது பழைய பதிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.